சொந்தக் கயாக்கில் முதுகு வலிக்காமல் அமர: வீட்டிலேயே செய்யக்கூடிய முதுகுத் தாங்கி

சுங்கைப் பட்டாணி நகரைத் தொட்டு ஓடும் ஆறு, மெர்போக் ஆற்றோடு சேர்ந்து, சதுப்பு மரக் காடுகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து, தஞ்சோங் டாவாய் அருகே மலாக்கா நீரிணையில் கலக்கிறது. தெற்கே மூடா ஆறு. கிழக்கே சீக் வட்டாரத்தில் பெரிஸ் ஏரி. தூண்டில் போடுகிறவர்களுக்கும் துடுப்புப் போடுகிறவர்களுக்கும் கெடாவில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. கடையில் கயாக் வாங்க வசதி இல்லாதவர்களும், கைவேலையில் ஆசை உள்ளவர்களும் பிளைவுட் பலகை, எப்பாக்சி பசை, பிவிசி குழாய் ஆகியவற்றைக் கொண்டு வீட்டு முற்றத்திலேயே படகு செய்துகொள்கிறார்கள்.

அப்படிச் செய்யும் படகுகளில் பெரும்பாலும் கடைசியாக யோசிக்கப்படுவது உட்காரும் இடம். படகு ஒழுகாமல் மிதந்தால் போதும் என்று நினைத்து ஒரு பழைய மெத்தைத் துண்டைப் போட்டு இறங்குகிறார்கள். அரை மணி நேரத்தில் இடுப்பு வலிக்கிறது, கால் மரத்துப்போகிறது. இரண்டு மாதத்தில் படகு வீட்டுப் பின்புறம் கவிழ்ந்து கிடக்கிறது. ஒரு வார இறுதியில் செய்துவிடக்கூடிய முதுகுத் தாங்கி இந்த நிலையை மாற்றும்.

தோட்டப்புற மக்களுக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். பல ஆண்டுகள் குனிந்து அடிவெட்டு வெட்டி, காண்டாக் கம்பில் பால் வாளி சுமந்து, செம்பனைக் குலைகளைத் தூக்கி உழைத்த முதுகுகள் அவை. ஓய்வுக்காகச் செய்யும் படகுப் பயணம் பழைய வலியைக் கிளறிவிடக் கூடாது.

வலி எங்கிருந்து வருகிறது?

நாற்காலியில் அமரும்போது முழங்கால் மடங்கியிருக்கும், பாதம் கீழே இருக்கும். கயாக்கில் கால்கள் முன்னால் நீட்டியபடி இருக்கும். தொடையின் பின்பக்கத் தசைகள் இடுப்பு எலும்பின் அடியில் தொடங்கி முழங்காலுக்குக் கீழே முடிகின்றன. காலை நீட்டி அமர்ந்தால் இந்தத் தசைகள் இழுபட்டு இடுப்பு எலும்பின் அடிப்பகுதியை முன்னோக்கி இழுக்கும். அதனால் இடுப்பு எலும்பின் மேல்பகுதி பின்னோக்கிச் சாயும். கீழ் முதுகில் இயல்பாக உள்ள உள்வளைவு மறைந்து கூன் விழும். தரையில் காலை நீட்டி, முதுகை எதிலும் சாய்க்காமல் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் யாருக்கும் இது விளங்கும்.

சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன், முதுகெலும்புத் தட்டுகளுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்தவர். நிற்கும்போது அழுத்தம் 100 என்று வைத்துக்கொண்டால், சாய்மானம் இல்லாமல் உட்காரும்போது அது சுமார் 140 என்று அவருடைய அளவீடு காட்டியது. பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் எடுத்த அளவுகளில் இந்த வித்தியாசம் குறைவாகவே இருந்தது. ஆனாலும் கூன் விழுந்த நிலையில் அசையாமல் நெடுநேரம் அமர்ந்திருப்பது முதுகுக்கு நல்லதல்ல என்ற அறிவுரை மாறவில்லை. கயாக்கில் அந்த நிலையில் அமர்ந்தபடியே உடலைத் திருப்பித் துடுப்பும் வலிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே முதுகுத் தாங்கியின் வேலை, இடுப்பு எலும்பு பின்னோக்கிச் சாயாமல் தடுப்பது. முதுகு முழுவதையும் தாங்குவது அதன் வேலை அல்ல. இதைப் புரிந்துகொண்டால் அளவு, உயரம், பட்டை கட்டும் இடம் எல்லாம் தானாகவே தெளிவாகிவிடும்.

உயரமான சாய்மானம் ஏன் உதவாது?

பலரும் முதலில் செய்வது பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகுப் பகுதியை வெட்டிப் பொருத்துவது. பார்க்க வசதியாகத் தெரியும். ஆனால் துடுப்பு வலிக்கும் வேகம் கையிலிருந்து மட்டும் வருவதில்லை. தோளும் மார்பும் இடமும் வலமும் திரும்ப வேண்டும். உயரமான சாய்மானம் தோள்பட்டை எலும்பில் இடித்து அந்தத் திருப்பத்தைத் தடுக்கும். அப்போது கையே எல்லா வேலையையும் செய்யும். முதுகு வலியோடு தோள்வலியும் சேர்ந்துகொள்ளும்.

லைஃப் ஜாக்கெட் அணிந்தவருக்கு இன்னொரு தொல்லை. ஜாக்கெட்டின் பின்பக்க மிதவை உயரமான சாய்மானத்தில் முட்டி மேலே ஏறும், கழுத்தை உரசும். எரிச்சலில் சிலர் ஜாக்கெட்டையே கழற்றி வைத்துவிடுவார்கள். அதுதான் பெரிய ஆபத்து. ஜாக்கெட்டுக்குக் கீழே அடங்கும் அளவு தாழ்வாக இருக்கும் தாங்கியே நல்ல தாங்கி.

தூண்டில் போடுவதற்கென்று, படகின் மேல் திறந்தவெளியில் உயர இருக்கை வைத்து அமரும் வகை வேறு. அதில் துடுப்பு வேலை குறைவு, காத்திருக்கும் நேரம் அதிகம். அங்கே சற்று உயரமான சாய்மானம் பொருந்தும்.

1865ஆம் ஆண்டின் ஒரு யோசனை

கயாக் பனிப்பிரதேச இனுயிட் மக்களின் படைப்பு. கடலில் மிதந்து வந்த மரத்துண்டுகளால் சட்டம் கட்டி, கடல்நாய்த் தோலைப் போர்த்தி, ஓட்டுபவரின் உடல் அளவுக்கு ஏற்ப ஒவ்வொன்றையும் செய்தார்கள். சட்டை தைப்பது போல ஆளுக்கு ஓர் அளவு. சிறு வயதிலிருந்தே காலை நீட்டி அமர்ந்து பழகிய அவர்களுக்கு மெத்தை வைத்த சாய்மானம் தேவைப்படவில்லை. அலுவலக நாற்காலியிலும் மோட்டார் சைக்கிளிலும் பழகிய உடலுக்குத் தேவைப்படுகிறது.

1865ஆம் ஆண்டு ஜான் மாக்கிரெகர் என்ற பிரிட்டிஷ் வழக்கறிஞர், கயாக்கைப் பார்த்துச் செய்த ‘ராப் ராய்’ என்ற சிறு மரப்படகில் ஐரோப்பாவின் ஆறுகளில் தனியாகப் பயணம் செய்தார். அடுத்த ஆண்டு அதைப் புத்தகமாக வெளியிட்டார். பொழுதுபோக்காகப் படகு ஓட்டும் பழக்கம் மேற்கு நாடுகளில் பரவ அந்தப் புத்தகம் பெரிய காரணம். அவருடைய படகு வகையில் பயன்பட்ட முதுகுப்பலகை எளிமையானது. இரண்டு மரச் சட்டங்கள் நெடுக்காக, நடுவே இடைவெளி விட்டு இணைக்கப்பட்டிருக்கும். முதுகின் இரு பக்கத் தசைகளும் சட்டங்களில் சாயும். முதுகெலும்பு இடைவெளியில் எதிலும் படாமல் இருக்கும். பலகை இறுக்கமாக அறையப்படாமல் உடலோடு சேர்ந்து அசையும்.

நடுவில் இடைவெளி, உடலோடு அசையும் தன்மை. இந்த இரண்டு குணங்களும் இன்று வீட்டில் செய்யும் தாங்கிக்கும் பொருந்தும்.

என்ன பொருள் வேண்டும்?

முதலில் மெத்தைப் பொருள். ரப்பர் பாலை நுரைக்க அடித்து மெத்தையாக்கும் முறையை 1929ஆம் ஆண்டு பிரிட்டனில் டன்லப் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். தோட்டங்களில் சேகரிக்கப்படும் பால் அப்படித்தான் தலையணையாகவும் சோபா மெத்தையாகவும் மாறியது. கட்டிலுக்கு அது அருமையானது. படகுக்கு ஆகாது. அந்த நுரையில் உள்ள துளைகள் ஒன்றோடு ஒன்று திறந்திருப்பதால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், காயாது, நாற்றமடிக்கும், கனக்கும். சாதாரண சோபா ஸ்பாஞ்சும் அப்படியே.

வேண்டியது, துளைகள் தனித்தனியாக மூடியிருக்கும் நுரை. ஜப்பான் சிலிப்பரின் அடிப்பகுதி இந்த வகைதான். தண்ணீரில் போட்டால் மிதக்கும், பிழிந்தால் நீர் வராது. பிள்ளைகள் விளையாட வீட்டில் விரிக்கும் ஈவிஏ நுரைப் பாய்த் துண்டுகளும் இதே வகை. ஒரு பாய்த் துண்டை வாங்கினால் ஒரு தாங்கிக்குப் போதும்.

அடுத்து, வடிவம் கொடுக்கும் தகடு. நீல நிறப் பிளாஸ்டிக் தோம்பின் பக்கவாட்டில் வெட்டி எடுத்த துண்டு நன்றாக உதவும். தோம்பின் வளைவு முதுகின் அகலவாட்டு வளைவோடு ஒத்துப்போகும், உப்புநீரில் துருவும் பிடிக்காது. ஆனால் அந்தத் தோம்பில் முன்பு என்ன இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். தோட்டங்களில் களைக்கொல்லி வந்த கொள்கலன்களைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் தவறு. பாராகுவாட் மருந்துக்கு மலேசியாவில் 2020 ஜனவரி முதல் தேதி தடை வந்தாலும், பழைய கொள்கலன்கள் இன்னும் ஆங்காங்கே கிடக்கலாம். வியர்வையும் தண்ணீரும் பட்டு உடலோடு ஒட்டியிருக்கப்போகும் பொருளுக்கு அவை வேண்டவே வேண்டாம். உணவுப் பொருள் வந்த தோம்பே சரி. கிடைக்காவிட்டால் 6 மி.மீ. பிளைவுட்டை வெட்டி எப்பாக்சி பூசிக்கொள்ளலாம்.

மூன்றாவது, பட்டை. பழைய கார் உடைக்கும் கடைகளில் கிடைக்கும் இருக்கைப் பட்டை மிகவும் வலுவானது. வெயிலில் வெளுத்தோ ஓரம் பிரிந்தோ இருந்தால் வாங்கக் கூடாது. அதை இரண்டாக மடித்துத் தைத்தால் பள்ளிப் பையில் வரும் 25 மி.மீ. பிளாஸ்டிக் வளையப் பூட்டுக்குள் நுழையும். வீட்டுத் தையல் இயந்திரத்தில் இந்தத் தடிப்பு ஓடாது. கார் இருக்கை தைக்கும் குஷன் கடையிலோ செருப்புத் தைப்பவரிடமோ கொடுத்தால் சில நிமிடத்தில் தைத்துத் தருவார்கள்.

இவற்றோடு தொடர்புப் பசை, மெல்லிய எலாஸ்டிக் கயிறு, துருப்பிடிக்காத எஃகு போல்ட், அகல வாஷர் ஆகியவை வேண்டும். மெர்போக் ஆற்றில் கடல் ஏற்றம் உள்ளே வரை வருவதால் நீர் உப்புக் கலந்தது. சாதாரண இரும்பு ஆணி சில மாதங்களில் துருப்பிடித்துப் பலகையையும் கெடுக்கும்.

அளவு எடுப்பது எப்படி?

படகில் வைக்கப்போகும் இருக்கை மெத்தையைத் தரையில் போட்டு, அதன்மேல் காலை நீட்டி அமர வேண்டும். முழங்கால் சற்று மேலே தூக்கியிருக்கட்டும். இடுப்பின் இரு பக்கமும் கைவைத்தால் எலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். தாங்கியின் மேல் விளிம்பு அதைவிட இரண்டு விரல் மட்டுமே உயர்ந்திருக்கலாம். பெரும்பாலான பெரியவர்களுக்குத் தாங்கியின் உயரம் 12 முதல் 15 செ.மீ., அகலம் 35 முதல் 40 செ.மீ. போதும். தாங்கியின் மேல் விளிம்பு படகின் உட்காரும் துளை விளிம்புக்குக் கீழே இருக்க வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருந்தால் ஏறும்போதும் இறங்கும்போதும் தடுக்கும்.

குடும்பத்தில் பலர் ஒரே படகை ஓட்டினால் பெரியவருக்கு ஏற்ற அகலத்தில் செய்து, பட்டையை இறுக்கியும் தளர்த்தியும் சரிசெய்யலாம்.

செய்முறை

முதலில் அட்டைப்பெட்டியில் மாதிரி வெட்டி முதுகில் வைத்துப் பார்த்த பிறகே தகட்டை வெட்ட வேண்டும். நான்கு மூலைகளையும் வட்டமாக்கி, ஓரங்களை மணல்தாளால் தேய்க்க வேண்டும். கூரான ஓரம் தோலையும் கிழிக்கும், பட்டையையும் அறுக்கும்.

தகட்டின் இரு ஓரங்களிலும், விளிம்பிலிருந்து 3 செ.மீ. உள்ளே, பட்டை நுழையும் அளவுக்கு நெடுக்குத் துளை போட வேண்டும். ஒரே நீளப் பட்டையை ஒரு துளை வழியாக நுழைத்து, தகட்டின் பின்பக்கமாகக் கொண்டுவந்து, மறுதுளை வழியாக வெளியே எடுக்க வேண்டும். இரண்டு முனைகளும் முன்னோக்கி வரும். இப்படிச் செய்தால் முழுப் பாரத்தையும் பட்டையே தாங்கும். தகடு அந்தப் பாரத்தை முதுகில் பரப்பிக் கொடுக்கும். தகட்டின் இரு ஓரத்திலும் தனித்தனிப் பட்டையை ஆணியால் அடித்தால் அந்த ஆணி இருக்கும் இடத்தில்தான் முதலில் பிய்யும்.

நுரையை 1 செ.மீ. தடிப்பில் இரண்டு அடுக்காக ஒட்ட வேண்டும். முதல் அடுக்கு தகடு முழுவதும் இருக்கட்டும். இரண்டாவது அடுக்கை இரண்டு துண்டாக வெட்டி, நடுவே 4 செ.மீ. இடைவெளி விட்டு ஒட்ட வேண்டும். முதுகெலும்பு அந்தப் பள்ளத்தில் அமரும், காற்றும் போகும், தண்ணீரும் வடியும். தொடர்புப் பசையை இரு பக்கமும் மெல்லியதாகப் பூசி, கையில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே சேர்த்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பிரிந்துவிடும். இந்தப் பசையின் ஆவி தலைசுற்ற வைக்கும், தீயும் பற்றும். திறந்த இடத்தில், அடுப்பும் சிகரெட்டும் இல்லாத இடத்தில் செய்ய வேண்டும்.

மேலுறை வேண்டுமென்றால் முன்பக்கத்துக்கு வலைத்துணி, பின்பக்கத்துக்குப் பழைய விளம்பரப் பதாகைத் துணி பொருந்தும். உறை இல்லாவிட்டாலும் தவறில்லை.

படகில் பொருத்தும் இடம்

பட்டை முனைகளைக் கட்டும் இடம்தான் தாங்கியின் வெற்றியையும் தோல்வியையும் முடிவு செய்கிறது. இடுப்புக்கு முன்னால் சுமார் 35 முதல் 40 செ.மீ. தூரத்தில், தாங்கியின் மட்டத்திலோ அதைவிடச் சற்றுத் தாழ்வாகவோ கட்ட வேண்டும். மேலே கட்டினால் ஒவ்வொரு முறை சாயும்போதும் தாங்கி முதுகில் மேல்நோக்கி ஏறும். சிறிது நேரத்தில் விலா எலும்பில் போய் நிற்கும்.

படகின் பக்கப் பலகை 4 மி.மீ. தடிப்புதான் என்றால் அதில் நேராகத் திருகாணி போடக் கூடாது. ஏறும்போது உடல் எடை முழுவதும் ஒரு நொடி தாங்கியில் விழலாம். திருகாணி பிய்ந்துகொண்டு வரும், படகில் ஓட்டையும் விழும். நீளம் 15 செ.மீ., அகலம் 5 செ.மீ., தடிப்பு 2 செ.மீ. உள்ள மரக்கட்டையை உட்பக்கம் எப்பாக்சியால் ஒட்டி, முழுதும் இறுகிய பிறகு அந்தக் கட்டையில் மட்டும் பிடிப்பைப் பொருத்தலாம். வெளிப்பக்கம் வரை போல்ட் போடுவதானால் துளை விளிம்பு போன்ற, நீர்மட்டத்துக்கு மேலான இடத்தில் போட்டு, இருபுறமும் அகல வாஷர் வைத்து, துளையை நீர்புகாப் பசையால் அடைக்க வேண்டும். பிவிசி குழாய்ப் படகில் வேலை எளிது. குழாயைச் சுற்றியே பட்டையைக் கட்டிவிடலாம்.

தாங்கியின் மேல் ஓரத்திலிருந்து பின்னோக்கி இரண்டு எலாஸ்டிக் கயிறுகளை மெதுவான இழுப்பில் கட்ட வேண்டும். படகில் ஏறி அமரும்போது தாங்கி மடங்கிக் கீழே சிக்காமல் நிமிர்ந்து நிற்பதற்கு மட்டுமே இந்தக் கயிறு. பாரம் முழுவதும் முன் பட்டையில்தான் இருக்க வேண்டும்.

கால்மிதி இல்லாவிட்டால் பாதி வேலைதான்

முதுகுத் தாங்கி தனியாக வேலை செய்யாது. பாதம் எதிலாவது ஊன்றி மெல்லத் தள்ளினால்தான் இடுப்பு தாங்கியோடு அணைந்து நிற்கும். கால்மிதி இல்லாத படகில் உடல் முன்னோக்கி வழுக்கும், தாங்கி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கூன் விழும். படகின் குறுக்கே ஒரு மரச்சட்டம், அல்லது நுரைப் பாய்த் துண்டுகளை அடுக்கி ஒட்டிய கட்டை போதும். பாதம் ஊன்றும்போது முழங்கால் சற்று மடங்கியிருக்கும் தூரத்தில் அது இருக்க வேண்டும். முழங்கால் மடங்கினால் தொடைத் தசையின் இழுப்புக் குறையும், இடுப்பு தானாக நிமிரும்.

இருக்கை மெத்தையின் முன்பகுதியைத் தொடைக்குக் கீழே 2 செ.மீ. உயர்த்துவதும் உதவும். ஆனால் அந்த முன் விளிம்பைச் சரிவாக இழைத்துவிட வேண்டும். கூரான விளிம்பு தொடையின் பின்பக்க நரம்பை அழுத்தினால் கால் மரத்துப்போகும். முதுகு வலிக்கிறது, கால் மரத்துப்போகிறது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்பவர்கள் முதலில் இந்த விளிம்பைப் பார்க்க வேண்டும்.

தண்ணீரில் இறங்கும் முன் நான்கு சோதனைகள்

முதல் சோதனை புல்தரையில். படகைத் தரையில் வைத்து, லைஃப் ஜாக்கெட் அணிந்து, அரை மணி நேரம் அமர்ந்து துடுப்புப் போடுவதுபோல் கையை அசைக்க வேண்டும். வலிக்கும் இடத்தை அடையாளம் செய்து அங்கே நுரையைச் செதுக்கலாம்.

இரண்டாவது, திரும்பிப் பார்க்கும் சோதனை. இரு பக்கமும் தோளைத் திருப்பும்போது தாங்கியும் சேர்ந்து சிறிது அசைய வேண்டும். தோள்பட்டை எதிலும் இடிக்கக் கூடாது.

மூன்றாவது, இறுக்கச் சோதனை. நிமிர்ந்து அமர்ந்தால் தாங்கி முதுகைத் தொட வேண்டும், தள்ளக் கூடாது. துடுப்பு வலிக்கும்போது சாய்ந்துகொள்ளும் பழக்கம் வேண்டாம். ஓய்வு எடுக்கும்போது பட்டையைச் சற்றுத் தளர்த்திச் சாயலாம்.

நான்காவதுதான் உயிர் காக்கும் சோதனை. இடுப்பளவு ஆழமுள்ள, ஓட்டம் இல்லாத தெளிந்த நீரில், பக்கத்தில் ஒருவர் நிற்க, படகை வேண்டுமென்றே கவிழ்த்து வெளியே வந்து பார்க்க வேண்டும். பட்டை, கயிறு, கொக்கி எதுவும் காலிலோ ஜாக்கெட்டிலோ சிக்கக் கூடாது. தொங்கும் பட்டை முனைகளை மடித்துத் தைத்துவிட வேண்டும். தாங்கியின் பட்டையை உடலைச் சுற்றியோ மடிக்கு மேலாகவோ எந்தக் காரணத்துக்காகவும் கட்டக் கூடாது. கார் பட்டையின் வேலை ஆளை இருக்கையோடு பிடித்துவைப்பது. படகில் அதே பட்டை ஆளைப் பின்னாலிருந்து தாங்க மட்டுமே வேண்டும், கவிழ்ந்த நொடியில் அவர் தடையின்றி வெளியே வர வேண்டும். இந்தச் சோதனையில் தேறாத தாங்கி எவ்வளவு வசதியாக இருந்தாலும் அதைக் கழற்றித் திருத்திய பிறகே ஆற்றுக்குப் போக வேண்டும்.

உடலும் ஒத்துழைக்க வேண்டும்

நல்ல தாங்கி இருந்தாலும் ஒரே நிலையில் நெடுநேரம் அமர்வது உடலுக்கு ஏற்றதல்ல. முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை கரை ஒதுங்கி எழுந்து நடக்க வேண்டும். மெர்போக் கழிமுகத்தில் நீர் வற்றும் நேரத்தில் சேறு வெளிப்படும், இறங்கினால் கால் புதையும். ஆகவே ஏற்ற இறக்க நேரத்தைப் பார்த்துக்கொண்டு, எங்கே இறங்கி ஓய்வெடுப்பது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது. வீட்டில் தினமும் சில நிமிடம் தொடையின் பின்பக்கத் தசையை மெதுவாக நீட்டிப் பழகினால் படகில் நிமிர்ந்து உட்காருவது எளிதாகும்.

சாதாரணக் களைப்பு வலி ஓய்வெடுத்தால் ஓரிரு நாளில் தணியும். வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கினாலோ, கரையேறிய பிறகும் மரத்த உணர்வு போகாவிட்டாலோ, காலில் பலம் குறைந்தாலோ அது மெத்தையை மாற்றித் தீர்க்கும் விஷயமல்ல, மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் திடீர்க் கோளாறும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழைய முதுகுக் காயம் உள்ளவர்கள், முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் படகில் ஏறும் முன்பே ஆலோசனை கேட்பது நல்லது.

பயணம் முடிந்து வீடு திரும்பியதும் தாங்கியை நல்ல தண்ணீரில் கழுவி நிழலில் காயவைக்க வேண்டும். வெயில் நுரையையும் பட்டையையும் நாளடைவில் நொறுங்க வைக்கும். மாதம் ஒருமுறை பட்டையின் தையல், போல்ட், எப்பாக்சி ஒட்டிய கட்டை மூன்றையும் கையால் இழுத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த பட்டையைத் தாமதிக்காமல் மாற்றிவிட வேண்டும்.